கமராவுக்கு ஒரு பாவித்த கொம்பியூட்டர்: ஐ7 எடுக்கவா, விடவா?

படலைக்காரன்
ஞாயிறு, இரவு 8.52

எல்லாருக்கும் வணக்கம். வீடு கொக்குவிலில். அப்பாவும் அம்மாவும் மட்டும்தான் அங்கே. நான் வேலைக்காக வவுனியாவில் நிற்கிறேன், கிழமைக்கு ஒருமுறை போய் வருவேன். போன மாதம் கிணற்றடியில் இருந்த தண்ணீர் மோட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பைப்பை வாளால் அறுத்து, வயரையும் வடிவாகச் சுருட்டி எடுத்துப் போயிருக்கிறார்கள். அவ்வளவு ஆறுதலாக நின்று செய்த வேலை. நாய் குரைத்ததாம். "பூனையைக் கண்டிருக்கும்" என்று அப்பா திரும்பிப் படுத்துவிட்டார்.

இப்போது ஆறு கமரா போடுவதாக முடிவு. நான்கு ஐபி கமரா அத்தான் கனடாவில் இருந்து வரும்போது கொண்டுவந்தார். இரண்டு இங்கே வாங்கியது. எல்லாம் 4 மெகாபிக்சல், ஆனால் வேறு வேறு கம்பனி. பதிவு செய்வதற்குப் பாவித்த கொம்பியூட்டர் ஒன்று எடுக்கலாம் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்குப் போனேன். மூன்று காட்டினார்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே விலை. முதலாவது, இடுப்பளவு உயரத்தில் ஒரு பெரிய பெட்டி, இரண்டு ஜியோன் இ5 புரொசசர், 32 ஜிபி ராம். அடுத்தது ஐ7-4790, 16 ஜிபி. கடைசி டெல் ஒப்டிப்ளெக்ஸ் 7050, ஒடுக்கமான பெட்டி, ஐ5-7500, 8 ஜிபி.

கடைக்கார அண்ணை ஜியோனைத்தான் எடுக்கச் சொன்னார். "தம்பி, இது 24 மணித்தியாலமும் ஓடத்தான் செய்தது" என்றார். அத்தான் ஐ7 என்கிறார். எனக்குச் சின்னது பிடித்திருக்கிறது, ஆனால் வெறும் ஐ5 தானே என்று ஒரு யோசனை. எதை எடுக்க?

பழைய இரும்பு
ஞாயிறு, இரவு 9.20

சின்னதை. காரணத்தை விடியப் பார்த்து எழுதுகிறேன், இப்போது பஸ்ஸில் நிற்கிறேன்.

சுன்னாகத்தான்
ஞாயிறு, இரவு 9.41

எதற்குத் தம்பி கொம்பியூட்டர்? எட்டு கமரா போடக்கூடிய என்விஆர், அதாவது கமராப் பதிவுக்கென்றே வரும் பெட்டி, ஒன்று வாங்கினால் வேலை முடிந்தது. பத்து, பதினைந்து வாட்டுக்குள் ஓடும். பின்பக்கத்திலேயே நெற்வேர்க் வயராலேயே கமராவுக்குக் கரண்ட் கொடுக்கும் பிஓஈ துளைகளும் இருக்கும். அம்மா அப்பாவுக்கு ரிமோட்டோ மவுஸோ போதும். என் வீட்டில் அப்படித்தான் ஆறு வருடமாக ஓடுகிறது.

படலைக்காரன்
ஞாயிறு, இரவு 10.03

நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன் அண்ணை. இரண்டு விடயம் இடித்தது. ஒன்று, கமரா வேறு வேறு கம்பனி. வேறு வேறு கம்பனிக் கமராக்களுக்குப் பொது மொழி மாதிரியான ஒன்விஃப் இருந்தால் எல்லாம் சேரும் என்கிறார்கள். நண்பன் வீட்டு என்விஆரில் போட்டுப் பார்த்தோம், படம் வந்தது, ஆனால் அசைவு அறிவித்தல் இரண்டு கமராவில் வரவே இல்லை.

மற்றது வாழை. கிணற்றடியில் பத்து வாழை நிற்கிறது. ஒரு கமராவைச் சும்மா அதன் செயலியில் போட்டு ஒரு இரவு விட்டேன். நூற்றுக்கு மேல் அறிவித்தல். எல்லாம் இலை ஆடியது. ஒன்றில் மட்டும் பக்கத்து வீட்டுப் பூனை. ஆளை ஆளென்று பிரித்துச் சொல்லும் ஃபிரிகேட் மாதிரி ஒன்றை ஓட்டுவோம் என்று அத்தான் சொல்கிறார். அதற்குத்தான் கொம்பியூட்டர்.

சுன்னாகத்தான்
ஞாயிறு, இரவு 10.10

அப்படியென்றால் சரி. வாழையை வெட்டச் சொன்னால் அம்மா உங்களை வெட்டிவிடுவா.

பழைய இரும்பு
திங்கள், காலை 6.35

சரி, இப்போது எழுதுகிறேன். பாவித்த கொம்பியூட்டர்களைத் திருத்தி விற்பதுதான் என் பிழைப்பு, ஆகவே கொஞ்சம் நீளும்.

எல்லாரும் விடும் பிழை, ஆறு கமராவின் படத்தையும் கொம்பியூட்டர்தான் செய்கிறது என்று நினைப்பது. செய்வது கமரா. அதற்குள்ளேயே படத்தைச் சுருக்கும் சில்லு இருக்கிறது. எச்.264 ஆகவோ எச்.265 ஆகவோ சுருக்கி வயரில் அனுப்பிவிடும். கொம்பியூட்டர் அதை வாங்கி அப்படியே டிஸ்கில் எழுதுகிறது. தபால்காரர் கடிதத்தைப் பிரிக்காமல் பெட்டிக்குள் போடுகிற மாதிரி. ஒரு கமராவுக்கு விநாடிக்கு 4 மெகாபிட் என்று வைத்தால் ஆறுக்கும் 24 மெகாபிட். அதாவது விநாடிக்கு 3 மெகாபைட். பத்து வருடம் பழைய டிஸ்க்கும் இதைப்போல முப்பது மடங்கு எழுதும். இதற்கு இரண்டு ஜியோனா?

கடிதத்தைப் பிரிக்கும்போதுதான் வேலை வருகிறது. வந்தது ஆளா நாயா என்று பார்க்க, சுருக்கிய படத்தைத் திரும்ப விரிக்க வேண்டும். இன்டெல் சில்லுக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதியில் வீடியோ விரிப்பதற்கென்றே ஒரு தனி மூலை உண்டு, குயிக் சிங்க் என்பார்கள். 4ஆம் தலைமுறையில் அது எச்.264 ஐ நன்றாக விரிக்கும், எச்.265 வந்தால் அந்தப் பாரம் முழுவதும் புரொசசரின் தலையில் விழும். 2015 இல் வந்த 6ஆம் தலைமுறையில்தான் எச்.265 சரியாகச் சேர்ந்தது. 7 இல் இன்னும் திருத்தினார்கள்.

உங்கள் அத்தான் சொல்லும் ஐ7-4790 2014 இல் வந்தது. ஐ7 இல் இருக்கும் 7 வெறும் பட்டம். கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் இலக்கம்தான் தலைமுறை: 4790 என்றால் 4, 7500 என்றால் 7. ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டையும் பாருங்கள். கடைகளில் "ஐ7 தம்பி" என்று மட்டும் சொல்லி, தலைமுறையைக் கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள்.

அந்த ஜியோன் இ5 இல் உள் கிராபிக்ஸே கிடையாது. எண்ணுக்குப் பின்னால் எஃப் போட்டு முடியும் ஐ5, ஐ7 களிலும் இல்லை. வேறு கார்ட் போடலாம், ஆனால் அது ஒரு செலவு, ஒரு சூடு.

இன்னொன்று. கமரா ஒவ்வொன்றும் இரண்டு வீடியோ ஓட்டம் தரும். பெரியது 2560க்கு 1440. சின்னது அநேகமாக 640க்கு 360. பெருக்கிப் பாருங்கள், பெரியதில் 16 மடங்கு புள்ளிகள். ஆளைத் தேடுவதற்குச் சின்னதைக் கொடுங்கள், பதிவுக்குப் பெரியதை வையுங்கள். இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாமல் "கொம்பியூட்டர் காணாது" என்று என்னிடம் வந்தவர்கள் எத்தனையோ பேர். ஃபிரிகேட்டுக்குப் பதிலாகப் புளூ ஐரிஸ் என்ற பதிவு மென்பொருளை ஓட்டினாலும் இதே கதைதான்.

ரொறன்ரோ குளிர்
திங்கள், காலை 7.48

நான் ஜியோன்காரன். இங்கே கம்பனிகள் கழித்துவிடும் பெட்டிகள் எறிகிற விலைக்குக் கிடைக்கும். என் வீட்டு நிலவறையில் ஒன்று ஓடுகிறது. கமரா, படங்கள், பிள்ளைகளின் விளையாட்டு எல்லாம் அதில்தான். பிழை திருத்தும் ராம், இரண்டு பவர் சப்ளை. நாலு வருடத்தில் ஒருநாளும் விழவில்லை. பலமான பெட்டியை வாங்கி வைத்தால் பிறகு எதற்கும் உதவும் தானே?

குரும்பசிட்டி அக்கா
திங்கள், காலை 8.30

தம்பி, உங்களுக்கு அது ஹீட்டர். எங்களுக்கு அது அடுப்பு.

கணக்கைப் பார்ப்போம். இரண்டு புரொசசர் போட்ட பழைய பெட்டி சும்மா நிற்கும்போதே 90 வாட் எடுக்கும் என்று வையுங்கள், சிலது அதற்கும் மேல். ஒரு மாதத்துக்கு 64.8 யூனிட். ஒப்டிப்ளெக்ஸ் மாதிரி ஒடுக்கமான பெட்டி 20 வாட் அளவில் நிற்கும், 14.4 யூனிட். வித்தியாசம் 50 யூனிட்டுக்கு மேல். கொக்குவிலில் இரண்டு வயது போன ஆட்கள் இருக்கும் வீட்டில் மொத்தப் பாவனையே 75 யூனிட் வருமோ தெரியாது. மின்சார சபை கணக்கு படிப்படியாக ஏறும், மேலே சேரும் யூனிட் எல்லாம் கூடிய விலைப் படியில்தான் விழும். 75 உடன் 14 சேர்ந்தால் 89, 90 யூனிட் வரையான படிக்குள்ளேயே நிற்கலாம். 65 சேர்ந்தால் 140, இரண்டு படி தாண்டி 121 முதல் 180 வரையான படிக்குள் போய்விடும். மாதாந்த நிலையான கட்டணமும் சேர்ந்து ஏறும்.

சுன்னாகத்தான்
திங்கள், காலை 9.05

அக்கா, கமராவை விட்டுவிட்டீர்களே. இரவில், இருட்டிலும் படம் எடுக்க உதவும் செங்கீழ் விளக்கு எரியும்போது ஒவ்வொன்றும் 5 வாட் அளவு எடுக்கும். ஆறுக்கு 30 வாட், மாதம் 21.6 யூனிட். எந்தக் கொம்பியூட்டர் எடுத்தாலும் இது நிச்சயம். ஆகவே சின்னதை எடுத்தாலும் 111 ஆகிறது, 90 ஐத் தாண்டித்தான் போகிறது.

குரும்பசிட்டி அக்கா
திங்கள், காலை 9.22

ஓம், அது என் பிழை. பகலில் விளக்கு எரியாததால் கொஞ்சம் குறையும், ஆனாலும் தாண்டும். ஜியோன் என்றால் 161. இரண்டுக்கும் இன்னும் ஒரு படி வித்தியாசம் இருக்கிறது.

ஆனால் 7500 பற்றி ஒரு சொல். விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 க்கு மைக்ரோசொப்ட் போட்ட பட்டியலில் ஐ5-7500 இல்லை, பொதுவாக 8ஆம் தலைமுறையில் இருந்துதான் தொடங்குகிறது. குறுக்கு வழியால் ஏற்றலாம், ஏற்றியும் கொடுக்கிறார்கள். வயது போன ஆட்கள் வீட்டில் வைக்கும் பெட்டிக்கு அது எனக்குப் பிடிக்காத வேலை. ஃபிரிகேட் என்றால் லினக்ஸ் தானே, அப்போது இந்தப் பிரச்சினையே இல்லை. புளூ ஐரிஸ் என்றால் விண்டோஸ் வேண்டும், அப்போது ஐ5-8500 தேடுங்கள். 7500 இல் நாலு கரு (கோர்), 8500 இல் ஆறு.

பழைய இரும்பு
திங்கள், காலை 10.50

அக்கா சொல்வது சரி. 8500 கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. மைக்ரோ என்ற உள்ளங்கை அளவுப் பெட்டிகளும் இருக்கின்றன, கரண்ட் இன்னும் குறைவு. ஆனால் அதற்குள் 3.5 அங்குல டிஸ்க் போகாது. மடிக்கணினி அளவு டிஸ்க்தான். மற்றது, டெல் மைக்ரோவுக்கு வெளியே சார்ஜர் மாதிரி ஒன்று வரும். அது தொலைந்து, கடையில் ஏதோ ஒன்றைச் செருகிக் கொடுத்தால், இது எந்த அடப்டர் என்று தெரியவில்லை எஃப்1 ஐ அழுத்து என்று திரையில் போட்டுவிட்டு நிற்கும். இரவு இரண்டு மணிக்கு யார் எஃப்1 ஐ அழுத்துவது?

வடலி
திங்கள், இரவு 7.15

என் கதையைச் சொல்கிறேன், யாருக்காவது உதவட்டும். இரண்டு வருடத்துக்கு முன் பாவித்த பெட்டி ஒன்று எடுத்து நாலு கமரா போட்டேன். எந்தக் கடை என்பது வேண்டாம். நன்றாக ஓடியது. மாரியில் ஒருநாள் இரவு முழுக்கக் கரண்ட் இல்லை. விடியக் கரண்ட் வந்தது, பெட்டியும் எழும்பியது, படமும் வந்தது. நான் அதோடு விட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து மதிலால் குதித்துச் சைக்கிளைக் கொண்டு போனார்கள். சந்தோஷமாகப் போய் பதிவைத் தேடினேன். அன்றைய திகதியில் எதுவும் இல்லை. அதற்கு முதல் பத்து நாளும் இல்லை. கடைசியில் பார்த்தால் மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பற்றரி செத்திருக்கிறது. கரண்ட் போனதும் மணிக்கூடு 2017 சனவரி 1 க்குப் போய்விட்டது. கள்ளன் 2017 இல் வந்து போயிருக்கிறான்!

அதோடு நின்றால் பரவாயில்லை. நான் இன்ரநெற்றைக் கொழுவினேன், திகதி தானாகச் சரியாகியது. உடனே அந்த மென்பொருள், இந்தப் பதிவெல்லாம் பல வருடம் பழையது, 15 நாளுக்கு மேல் வைக்கச் சொல்லவில்லையே என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டது. என் கண்ணுக்கு முன்னால். பொலிசில் முறைப்பாடு எழுதும்போது "கமரா இருக்கிறதா" என்று கேட்டார்கள். "இருக்கிறது" என்றேன். வேறு என்ன சொல்ல.

சிஆர் 2032 என்று கேட்டால் மூலைக்கடையிலும் தருவார்கள். பாவித்த பெட்டி வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள்.

படலைக்காரன்
திங்கள், இரவு 7.40

ஐயோ அண்ணை. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. சைக்கிள் கிடைத்ததா?

வடலி
திங்கள், இரவு 7.44

கிடைத்தால் இங்கே வந்து எழுதுவேனா.

பழைய இரும்பு
செவ்வாய், காலை 6.20

வடலி சொன்னதோடு சேர்த்து இதையும் பாருங்கள். கரண்ட் போய் வந்தால் பெட்டி தானாக எழும்ப வேண்டும். இது பயோசில், அதாவது விண்டோஸ் எழும்ப முதல் வரும் அமைப்புத் திரையில், இருக்கும் ஒரு தெரிவு. டெல்லில் ஏசி ரிக்கவரி, எச்பியிலும் லெனோவோவிலும் ஆஃப்டர் பவர் லாஸ் என்று இருக்கும். பவர் ஒன் என்று மாற்ற வேண்டும். கடையிலேயே செய்து பாருங்கள்: பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்குங்கள். ஒரு நிமிடம் விட்டுத் திரும்பக் கொழுவுங்கள். பொத்தானில் கை வைக்கக் கூடாது. கீபோர்டும் செருகி இருக்கக் கூடாது. அப்படியும் எழும்பி வந்தால் மட்டும் காசைக் கொடுங்கள். சில பெட்டிகள் கீபோர்ட் இல்லை என்றோ, விசிறி சுற்றவில்லை என்றோ முறைப்பாடு வைத்துக்கொண்டு அப்படியே நிற்கும்.

பயோசுக்குள் போக விடுகிறதா என்பதையும் பாருங்கள். கம்பனியில் இருந்து வந்த பெட்டிகளில் கடவுச்சொல் போட்டிருப்பார்கள். கடைக்காரருக்கும் தெரியாது. விண்டோஸ் ஓடும், எல்லாம் நன்றாகத் தெரியும், இந்த ஒரு தெரிவை மட்டும் மாற்ற முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

பவர் சப்ளை விடயமும் உண்டு. இந்த ஒடுக்கமான பெட்டிகளுக்கு வழக்கமான பவர் சப்ளை பொருந்தாது. அளவும் வேறு, முனையும் வேறு. எரிந்தால் அதே மாதிரி ஒன்றைத் தேட வேண்டும். இங்கே கிடைக்காவிட்டால் கொழும்பில் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா வரை சொல்லிவிட வேண்டி வரும். என்னைக் கேட்டால் ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைப்பது புத்தி.

ரொறன்ரோ குளிர்
செவ்வாய், காலை 7.30

நீங்கள் எல்லாம் சொல்வதைப் பார்க்க ஜியோனை நானே விற்றுவிடுவேன் போல் இருக்கிறது. சரி, டிஸ்க்? கொம்பியூட்டரோடு வரும் எஸ்எஸ்டியிலேயே பதியலாமா?

பழைய இரும்பு
செவ்வாய், பகல் 12.40

வேண்டாம். ஆறு கமரா 24 மெகாபிட்டில் ஒரு நாளைக்கு 259 ஜிபி எழுதும். 256 ஜிபி எஸ்எஸ்டி ஒரு நாளையே முழுதாகத் தாங்காது. இடத்தை விடுங்கள், தேய்வைப் பாருங்கள். மொத்தம் 150 டெராபைட் எழுதலாம் என்று போட்டிருக்கும் எஸ்எஸ்டிக்கு அந்தக் கணக்கு 579 நாளில் முடிந்துவிடும். எஸ்எஸ்டியில் லினக்ஸ் இருக்கட்டும். பதிவுக்கு வேறு டிஸ்க்.

4 டெராபைட் என்றால் 15 நாள் வரும். கொம்பியூட்டரைப் பாவித்ததாக வாங்கலாம், டிஸ்கைப் புதிதாக வாங்குங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டலில் பர்ப்பிள், சீகேட்டில் ஸ்கைஹோக், இரண்டும் இந்த வேலைக்கென்றே வருவது. கடைக்காரர் "டிஸ்க்கும் இருக்குது தம்பி" என்று பழையதைப் போட்டுத் தந்தால் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் பாருங்கள். ஓடிய மணித்தியாலம் இருக்கும். 8,760 ஆல் வகுத்தால் எத்தனை வருடம் என்று வரும். மாற்றி ஒதுக்கிய செக்டர், காத்திருக்கும் செக்டர் என்ற இரண்டு வரியிலும் பூச்சியம்தான் இருக்க வேண்டும்.

நெற்வேர்க் தம்பி
செவ்வாய், இரவு 9.10

கொம்பியூட்டர் கதை முடிந்தால் வயர் கதைக்கு வருவோம். நான் கமரா பூட்டும் வேலை செய்கிறவன். முக்கால்வாசிப் பிரச்சினை வயரில்தான்.

கடையில் மலிவாக ஒரு சுருள் தருவார்கள். வெளியில் பார்த்தால் செம்பு. கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்பு பூசியது. படலையில் இருக்கும் கமராவுக்கு அதை நீளமாக இழுத்தால் பகல் முழுக்க வடிவாக வேலை செய்யும். இருட்டியதும் செங்கீழ் விளக்கு எரியும், அதற்குக் கரண்ட் கூட வேண்டும், வயரில் வோல்ட்டேஜ் இழப்பு கூடும், கமரா அணையும். அணைந்து எழும்பும், திரும்ப விளக்கு, திரும்ப அணையும். விடியப் பார்த்தால் ஒரு குறையும் இருக்காது. கமரா பழுது என்று மாற்றுவார்கள், புதியதும் அப்படியே செய்யும். முழுச் செம்பு வாங்குங்கள், 100 மீற்றருக்குள் நில்லுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை இடியையும் நினையுங்கள். படலையில் இருந்து வளவுக்குள்ளால் வரும் வயர் இடிக்கு நேர்ப் பாதை. சுவிட்ச், கொம்பியூட்டர், ரவுட்டர் என்று வரிசையாகப் போகும். போன மாரியில் ஒரே வீட்டில் மூன்றையும் கழற்றி எடுத்தேன். சுவிட்சுக்கு முன்னால் மின்னல் தடுப்பி போட்டு, அதை ஒழுங்கான எர்த்தில் இணையுங்கள். எர்த் இல்லாமல் தடுப்பி போடுவது திருநீறு பூசுகிற மாதிரி, மனதுக்கு நல்லது.

கனடாவில் இருந்து அத்தான் பார்க்க வேண்டும் என்றால், வெளியில் இருந்து நேராக உள்ளே வர ரவுட்டரில் துளை (போர்ட்) திறக்க வேண்டாம். 2016 இல் மிராய் என்ற நச்சு நிரல் இப்படித் திறந்து விட்ட கமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும்தான் பிடித்தது, அதுவும் தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல்லை வைத்தே. 4ஜி ரவுட்டர் என்றால் அநேகமாகத் துளை திறந்தும் பயன் இல்லை, வெளி முகவரி உங்களுடையதாக இருக்காது. இரண்டு கருவிகளைத் தனிப் பாதையால் இணைக்கும் டெய்ல்ஸ்கேல் என்ற செயலியைப் பெட்டியிலும் அத்தானின் போனிலும் போடுங்கள். வீட்டுப் பாவனைக்கு இலவசம்.

குரும்பசிட்டி அக்கா
செவ்வாய், இரவு 9.45

ஒன்றை மறக்க வேண்டாம். கிணற்றடிக் கமரா எந்தப் பக்கம் பார்க்கிறது? பக்கத்து வீட்டுக் கிணறும் வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும். அங்கே பெண்கள் குளிப்பார்கள். கமராவிலேயே அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைக்கத் தெரிவு உண்டு, மறைத்துவிட்டு அவர்களைக் கூப்பிட்டுத் திரையில் காட்டுங்கள். இல்லாவிட்டால் கள்ளனோடு இருக்கும் பகையைவிட அயலோடு பெரிய பகை வரும்.

படலைக்காரன்
செவ்வாய், இரவு 10.20

நல்ல வேளை சொன்னீர்கள் அக்கா. நேராக அங்கேதான் பார்க்கிறது. திருப்பச் சொல்கிறேன்.

படலைக்காரன்
சனி, இரவு 8.05

போய்ப் பார்த்தேன். முதல் போன கடையில் அந்த 7050 ஐக் கழற்றிக் காட்டச் சொன்னேன். கடைக்கார அண்ணைக்கு அவ்வளவு விருப்பம் இல்லை, ஆனாலும் கழற்றினார். உள்ளே எங்கள் செம்மண் ஒரு விரல் தடிப்பில். விசிறிக்குக் கீழே பல்லி ஒன்று காய்ந்து, கடதாசி மாதிரி ஒட்டிப்போய்க் கிடந்தது. "இது வெளிநாட்டில் இருந்து வந்த பெட்டி" என்று சொல்லித்தான் தந்தார். அப்படியென்றால் பல்லியும் விசா எடுத்து வந்திருக்கிறது. டிஸ்க் 41,000 மணித்தியாலம் காட்டியது. வகுத்தேன், நாலரை வருடத்துக்கு மேல். பயோசில் கடவுச்சொல் கேட்டது. "அது தேவைப்படாது தம்பி" என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது கடையில் ஒப்டிப்ளெக்ஸ் 5060, ஐ5-8500, 8 ஜிபி. 7050 ஐவிடக் கொஞ்சம் விலை கூட. மேலே சொத்து இலக்கம் ஒட்டி உரித்த தடம் இருந்தது, உள்ளே துப்புரவு. பயோஸ் திறந்தது. ஏசி ரிக்கவரியை மாற்றி, கீபோர்டைக் கழற்றி, நானே குனிந்து பிளக்கைப் பிடுங்கினேன். கடையில் இருந்த பெடியன் "அண்ணை, என்ன செய்யிறியள்!" என்று ஓடி வந்தான். ஒரு நிமிடம் கழித்துக் கொழுவினேன். விசிறி சத்தம் கேட்டது, எழும்பியது. அவனுக்கு ஏன் என்று விளக்கினேன். "இதை நாங்களும் செய்து காட்டலாம்" என்றான். டிஸ்க் இல்லாமல் விலையைக் குறைத்துத் தந்தார்கள். 4 டெராபைட் புதிதாக எடுத்தேன், பொத்தான் பற்றரியும் எடுத்தேன். வடலி அண்ணைக்காக இரண்டு.

வடலி
சனி, இரவு 8.20

நன்றி தம்பி. என் பெட்டிக்கு நான் ஏற்கனவே மூன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

பழைய இரும்பு
சனி, இரவு 9.00

நல்ல தெரிவு. விறாந்தையில் வைக்க வேண்டாம். வந்தவன் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனால் எல்லாம் வீண். உள் அறையில், நிலத்தில் இல்லாமல், காற்றுப் போகிற இடத்தில் வையுங்கள். சின்ன யூபிஎஸ் ஒன்றில் கொம்பியூட்டர், சுவிட்ச், ரவுட்டர் மூன்றையும் கொழுவுங்கள். கொம்பியூட்டரை மட்டும் கொழுவிவிட்டுச் சுவிட்சைச் சுவரில் விட்டால் கரண்ட் போனதும் வெறும் இருட்டைத்தான் பதியும்.

படலைக்காரன்
ஐந்து கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, மாலை 5.30

விபரம் சொல்ல வந்தேன். ஃபிரிகேட் ஏற்ற இரண்டு இரவு போனது. அமைப்புக் கோப்பில் ஒரு வரியில் ஒரே ஒரு இடைவெளி கூடிப்போய், ஒன்றரை மணித்தியாலம் அதைத் தேடினேன். இப்போது ஆறு கமராவும் ஓடுகின்றன. ஆளைத் தேடுவது உள் கிராபிக்சில் நடக்கிறது, புரொசசர் தூங்குகிறது. வாழை இலைக்கு அறிவித்தல் வருவதே இல்லை. படலை விளக்கைச் சுற்றிச் சிலந்தி வலை கட்டியபோது மட்டும் இரண்டு இரவு தும்புத்தடியோடு போக வேண்டி வந்தது. நாலு தரம் கரண்ட் போய் வந்தது, நாலு தரமும் பெட்டி தானாக எழும்பியது.

போன வியாழன் இரவு 2.40 க்குக் கிணற்றடியில் அசைவு. அத்தான்தான் கனடாவில் இருந்து முதலில் பார்த்துவிட்டு அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். அப்பா ரோர்ச்சோடு எழும்பிப் போனால், கொய்யா மரத்தில் மரநாய். பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகக் கமராவைப் பார்த்தபடி இருக்கிறது. அந்தப் படத்தை அம்மா இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறா.

சுன்னாகத்தான்
ஞாயிறு, மாலை 6.02

நல்லது தம்பி. மோட்டர்?

படலைக்காரன்
ஞாயிறு, மாலை 6.10

அது போனது போனதுதான் அண்ணை. புதிது வாங்கியாயிற்று. இந்த முறை ஒருவரும் கழற்றக் கூடாது என்று அப்பா நாலு பக்கமும் கொங்கிறீட் போட்டு இறுக்கிவிட்டார். நேற்று அதில் தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. திருத்த வந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உளி இருக்குதா ஐயா?" என்று கேட்டார்.